பத்தாவது நகர்வில் நாற்காலி மாற்றவும்

செஸ் சொல்லிக்கொடுப்பவனும் பல் வைத்தியரும் ஒரு விஷயத்தில் ஒன்று: உள்ளே வருகிற எல்லாருக்கும் சீக்கிரம் முடிய வேண்டும்.

ஆறு வருஷமாக ஆவடிப் பக்கம் ஒரு தொழிற்சாலைக் குடியிருப்பின் மனமகிழ் மன்றத்தில், ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது முதல் பதினொன்று வரை, வளர்ந்தவர்களுக்குச் செஸ் சொல்லிக்கொடுக்கிறேன். வார நாட்களில் வேலப்பன்சாவடியில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை. அங்கே யாரும் வருவதில்லை. அதனால் நிறையப் படித்துக் கெட்டுப்போனவன். நீங்கள் வளர்ந்தவர்களுக்கு எதையாவது கற்பித்திருக்கிறீர்களா? மைத்துனருக்குக் கார் ஓட்ட, மாமனாருக்கு செல்போனில் பணம் அனுப்ப? அப்படியானால் நீங்கள் என் இனம். நாம் ஒரு வரி சொல்லி முடிப்பதற்குள் "அது தெரியும், மேல சொல்லுங்க" என்பார்கள். மேலே சொன்னால், "முதல்ல சொன்னது என்ன?" என்பார்கள்.

நான் சொல்லிக்கொடுப்பது பெரும்பாலும் ஒரே ஒரு தொடக்கம். இத்தாலிய ஆட்டத்தின் நிதானமான வகை. அந்த ஊர்க்காரர்கள் அதற்கு வைத்த பெயருக்கு 'மிக அமைதியான ஆட்டம்' என்று பொருள். வெள்ளையும் கறுப்பும் ஆளுக்கொரு சிப்பாயை நடுவில் நிறுத்துவார்கள். குதிரைகளையும் பிஷப்பையும் வெளியே எடுப்பார்கள். ராஜாவை மூலையில் கோட்டை கட்டிப் பத்திரப்படுத்துவார்கள். பிறகு சின்னச் சின்னதாக வீட்டைச் சரிசெய்துகொண்டே இருப்பார்கள். பத்து நகர்வு வரை ஒரு காய்கூட வெட்டுப்படாமல் போகலாம். இதை எந்த முகத்தோடு கற்பித்தேன் என்பதைத்தான் கீழே சொல்கிறேன்.

பூந்தமல்லி சுற்றிய குதிரை

என் முதல் மாணவர் தேவராஜ். அண்ணனூர் பணிமனையில் மின்சார ரயில் பெட்டிகளைப் பழுதுபார்க்கிறவர். ஆட்டம் தொடங்கி இரண்டாவது நகர்விலேயே ராணியை வெளியே அனுப்பி, எதிராளியின் ராஜா தூங்கிக்கொண்டிருக்கும்போதே கதையை முடிக்கப் பார்ப்பவர். எதிராளி விழித்திருந்தால் அவருடைய ராணி அலைந்து அலைந்து ஏழாவது நகர்வில் மாட்டிக்கொள்ளும். "சும்மா ட்ரை பண்ணேன் சார்" என்பார். வாராவாரம் ட்ரை பண்ணினார்.

அவருக்கு வெள்ளைக் குதிரை ஒன்றின் பயணத்தைக் காட்டினேன். ராணிப் பக்கம் நிற்கும் குதிரை, முதல் தாவலில் தன் ராணிக்கு முன்னால் வந்து நிற்கும். இரண்டாவது தாவலில், கோட்டைக்குள் இருக்கும் ராஜாவுக்குப் பக்கத்தில் போய் உட்காரும். மூன்றாவது தாவலில்தான் வெளியே தலைகாட்டி, எதிராளியின் ராஜா இருக்கும் மூலையைப் பார்க்கும். நடுநடுவே மற்ற காய்களும் அசையும் என்பதால் இந்தப் பயணத்துக்கு அரை மணி நேரம் ஆகும். தேவராஜ் கன்னத்தில் கை வைத்துக் கடைசிவரை கேட்டார். ஆகா, ஆள் திருந்திவிட்டார் என்று நினைத்தேன். அவர் சொன்னார்:

"இன்னா சார் இது, அம்பத்தூர்லேர்ந்து ஆவடி போறதுக்கு பூந்தமல்லி சுத்தினு போறா மாதிரி கீது!"

எழுந்திருக்காத யானை

மல்லிகா திருநெல்வேலிக்காரர். தொழிற்சாலையின் தையல் பிரிவில் சோதனை வேலை: தைத்து வருகிற சட்டைகளைத் திருப்பிப் போட்டுக் குறை தேடுவது. கணவரும் அதே தொழிற்சாலை, மாமனார் மாமியார் கூடவே இருக்கிறார்கள், கல்லூரியில் படிக்கிற பெண்கள் இரண்டு பேர். செஸ் எதற்கு என்று முதல் நாள் கேட்டேன். "உக்காந்துக்கிட்டே செய்யற வேலைலா சார்" என்றார்.

ஒரு ஞாயிறு, பலகையின் முன் நின்றுகொண்டு அந்தக் குதிரைப் பயணத்தை மறுபடியும் விளக்கினேன். தேவராஜ் கொட்டாவி விட்டதால் கொஞ்சம் வேகமாகப் போனேன். 'இதோ முதல் தாவல், இதோ இரண்டாவது தாவல்' என்று ராஜாவுக்குப் பக்கத்தில் குதிரையை வைக்கப் போனபோது பின்னாலிருந்து ஒரு குரல். கோட்டை கட்டியதும் ராஜாவுக்குப் பக்கத்தில் யானை வந்து நிற்கும்; குதிரைக்கு இடம் வேண்டுமென்றால் அந்த யானை முதலில் ஒரு கட்டம் தள்ளிப் போக வேண்டும். இதை ஆறு வருஷமாகச் சொல்லிக்கொடுக்கிற நான் மறந்துபோனேன். சட்டைக் காலரில் விட்டுப்போன தையலைக் காட்டுகிற மாதிரி மல்லிகா விரலை நீட்டிச் சொன்னார்:

"சார், யானை இன்னும் எந்திரிக்கலியே, குதிரை அது மடியிலயா போய் உக்காரும்?"

நாற்காலி மாற்றம்

மெதுவான ஆட்டத்தில் ஒரு கஷ்டம் உண்டு. தாக்குதல் என்றால் கண்ணுக்குத் தெரியும். இதில் எதிராளி என்ன நினைக்கிறார் என்று ஊகித்தால்தான் நாம் என்ன செய்வது என்றே தெரியும். கறுப்பின் நடுவில் ஒரு சிப்பாய் தலைகுனிந்து நிற்கும். அதைச் சரியான நேரத்தில் முன்னே தள்ளிவிட்டால் கறுப்பு மூச்சுவிட்டுக்கொள்ளும். தள்ள முடியாமலே போனால் நெரிசல்தான். வெள்ளை நாற்காலியில் இருப்பவர் அந்தச் சிப்பாய் வந்துவிடுமோ என்று பயப்பட வேண்டும். கறுப்பு நாற்காலியில் இருப்பவர் எப்போது அனுப்பலாம் என்று காத்திருக்க வேண்டும். ஒருவரின் பயமும் மற்றவரின் ஆசையும் ஒரே சிப்பாய். என் மாணவர்களோ, வெள்ளையாக உட்கார்ந்தால் கறுப்பு என்று ஒன்று இருப்பதையே மறந்துவிடுவார்கள்.

அதனால் ஒரு முறையைக் கண்டுபிடித்தேன். பத்து நகர்வு ஆனதும் இருவரும் எழுந்து, இடம் மாறி உட்கார்ந்து, எதிராளியின் காய்களை வைத்து ஆட்டத்தைத் தொடர வேண்டும். நகர்வுகளை எழுதுகிற தாளும் மேஜையிலேயே இருக்கும். அந்தந்தப் பக்கத்துக்கு வந்தவர் விட்ட இடத்திலிருந்து எழுதுவார். இதற்காக நானே தாள் வடிவமைத்து நகல் எடுத்தேன். பத்தாவது வரிக்குக் கீழே தடித்த எழுத்தில் 'இங்கே நாற்காலி மாற்றவும்' என்று போட்டேன்.

இரண்டே வாரத்தில் தேவராஜ் இதில் ஓட்டை கண்டார். பத்தாவது நகர்வில் தன் ராணியைக் கொண்டுபோய் எதிராளியின் சிப்பாய் வெட்டக்கூடிய கட்டத்தில் நிறுத்திவிட்டு, எழுந்து, அந்தப் பக்கம் போய் உட்கார்ந்து, அதே சிப்பாயால் தன் பழைய ராணியைத் தானே வெட்டிச் சாப்பிட்டார். 'முட்டாள்தனமாகக் காயை நிறுத்துகிறவர்களுக்கு இனி நாற்காலி மாற்றம் கிடையாது' என்று விதி போட்டேன். ஒரு வருஷம் கழித்து, அந்த முறை எப்படிப் பலன் தருகிறது என்று பெருமையோடு விசாரித்தேன். தேவராஜ் சொன்னார்:

"எனக்கு எப்டி சார் தெரியும்? நான் ஒரு வருசமா ஒரே நாற்காலிலதான குந்திகினு கீறேன்!"

பூஜ்யம்

பிரவீன் கோயம்புத்தூர்க்காரர். ஐ.டி. வேலை, காட்டுப்பாக்கத்தில் அடுக்குமாடி வீடு. அங்கே செஸ் ஆட ஆள் உண்டு, சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை என்று இவ்வளவு தூரம் வருகிறவர். வகுப்பில் மல்லிகாவுக்கு அவர்தான் நிரந்தர ஜோடி. பத்தாவது வரி வந்ததும் இருவரும் ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து, மேஜையைச் சுற்றி, எதிரெதிராக உட்காருவார்கள். பேருந்தில் ஜன்னலோர இடத்தைப் பகிர்ந்துகொள்கிறவர்கள் மாதிரி அவ்வளவு இயல்பாக இருக்கும்.

ஒரு நாள் அந்தப் பத்தாவது நகர்வு நிலையைத் தன் செல்போனில் இருக்கும் செஸ் எஞ்சினிடம் காட்டினார். அது பூஜ்யம் என்றது. அதாவது இரண்டு பக்கமும் சமம். பிரவீனுக்கு மனசு உடைந்துவிட்டது. "சமம்னு சொல்லுதுங்க சார். அப்பறம் எதுக்குங்க ஆடறது?" என்று என்னைக் கேட்டார். சமநிலை என்பது முடிவல்ல, அது ஒரு விசாரணையின் தொடக்கம் என்று நான் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பிப்பதற்குள், மல்லிகா முடித்துவிட்டார்:

"ஏன் தம்பி, சமமா இருந்தா சண்ட போடக் கூடாதா? எங்க வீட்டுல நானும் அவுகளும் இருவது வருசமா சமம்தான், ஒரு நாளாவது சும்மா இருந்திருக்கமா?"

செயலாளரின் கெடு

மன்றத்தின் செயலாளர் நடராஜன் நல்ல மனிதர். ஒரே குறை, கேரம் ஆடுகிறவர். மன்றத்தில் மின்விசிறி ஒழுங்காகச் சுற்றுகிற அறை ஒன்றுதான். ஞாயிறு காலை அது எங்களுடையது. கேரம்காரர்கள் வராந்தாவில் வியர்த்துக்கொண்டு, ஜன்னல் வழியே எங்களைப் பார்ப்பார்கள். அந்தப் பார்வையை விவரிக்க மாட்டேன்.

வருஷத்துக்கு ஒரு தரம் காட்டுப்பாக்கம் அடுக்குமாடிக்காரர்களோடு எங்களுக்குப் பந்தயம். அணிக்கு மூன்று பேர். இரண்டு வருஷமாக நாங்கள் தோற்றிருந்தோம். இந்த வருஷம் நடராஜன் வகுப்புக்கே வந்து, மூன்றாவது முறையும் தோற்றால் ஞாயிற்றுக்கிழமை அறை கேரமுக்கு என்று சொல்லிவிட்டார். "ஜெயிச்சா இருக்கட்டும் சார், உங்களுக்கே" என்று பெருந்தன்மையும் காட்டினார். அதே நாள் பிரவீன் என்னிடம் வந்து, குற்றவாளி மாதிரி நின்றுகொண்டு, "அபார்ட்மென்ட் டீம்ல என்ற பேரப் போட்டுட்டாங்க சார்" என்றார்.

மல்லிகாவின் முகம் வாடிவிட்டது. வெயிலுக்குப் பயந்துதான் வருத்தப்படுகிறார் என்று நினைத்து, வேண்டுமானால் வராந்தாவில் வகுப்பு நடத்தலாம் என்றேன். வராந்தா குடியிருப்பைப் பார்த்தது. அவர் வீட்டு பால்கனியிலிருந்து கூப்பிட்டால் கேட்கும். அவர் காய்களை டப்பாவில் ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் சொன்னார்:

"வாரத்துல ரெண்டு மணி நேரம், 'சாப்பாடு ஆச்சா'ன்னு யாரும் கேக்காத எடம் எனக்கு இது ஒண்ணுதான் சார்."

வாத்தியார் தோற்றது

பந்தய நாள். எங்கள் அணியில் நான், தேவராஜ், மல்லிகா. அடுக்குமாடிக்காரர்கள் ஆட்டத்தை எழுதுவதற்குத் தாள் கொண்டுவர மறந்துவிட்டார்கள். நான் பெருமையாக என் வகுப்புத் தாள் கட்டை எடுத்துக் கொடுத்தேன். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், நான் வைத்துக்கொள்ளவில்லை.

முதல் பலகையில் எனக்கு எதிரே அவர்கள் அணித் தலைவர். கறுப்புக் காய் எனக்கு. பத்தாவது வரிக்கு வந்ததும் அவர், "இது என்ன சார், நாற்காலி மாற்றவும்?" என்று கேட்டார். நான் என் முறையின் வரலாறு, தத்துவம், பலன்கள் அனைத்தையும் விளக்கினேன். விளக்கி முடித்தபோதுதான், அத்தனை நேரமும் ஓடியது என் ஆட்டக் கடிகாரம் என்பதைப் பார்த்தேன். பதற்றத்தில், ஆறு வருஷமாக 'அவசரப்படாதீர்கள், முதலில் பின்னால் ஆள் நிறுத்துங்கள்' என்று நான் சொல்லி வந்த அந்த நடுச் சிப்பாயை, பின்னால் ஆள் நிறுத்தாமல் தள்ளினேன். அது போயிற்று. அதற்குப் பின்னால் மற்றதெல்லாம் போயிற்று.

பக்கத்துப் பலகையில் தேவராஜ் ஆச்சரியமாக நிதானமாக ஆடினார். அவருடைய எதிராளியும் அந்த வரியைப் படித்துவிட்டு எழுந்திருக்கப் பார்த்தாராம். "அது க்ளாஸுக்கு சார், நீங்க குந்துங்க" என்று உட்காரவைத்து, குதிரையைப் பூந்தமல்லி சுற்றிக் கொண்டுவந்து ஜெயித்துவிட்டார். ஆளுக்கொரு வெற்றி. நான் என் தோல்வித் தாளில் கையெழுத்துப் போடும்போது அவர் எட்டிப் பார்த்தார்:

"இன்னா சார், நீங்க சொன்னத நீங்களே கேக்க மாட்டீங்களா?"

கைப்பை

ஆக, அறை இருப்பதும் போவதும் மூன்றாவது பலகையில். அங்கே வெள்ளை மல்லிகா, கறுப்பு பிரவீன். நான் எழுந்து போய்ப் பார்த்தபோது ஆட்டம் முடிகிற கட்டத்தில் இருந்தது. வெள்ளைக் குதிரை கறுப்பு ராஜாவின் வாசலில் நின்றது. ராணி வந்தது. மேட். நடுவரான நடராஜன் தேநீர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, வெள்ளைத் தாளைத் தூக்கி மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்து உரக்கப் படித்தார்: "வெள்ளை, மல்லிகா. வெள்ளை வெற்றி. இரண்டுக்கு ஒன்று. மன்றம் ஜெயித்தது!"

தேவராஜ் விசில் அடித்தார். அறை தப்பியது என்ற வேகத்தில் மல்லிகா சிரித்துக்கொண்டே எழுந்து, நாற்காலியில் மாட்டியிருந்த தன் கைப்பையை எடுக்கத் திரும்பினார். பை அங்கே இல்லை. பை எதிர் நாற்காலியில், பிரவீனின் முதுகுக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தது.

நான் இதை அரை நிமிஷம் முன்னாலேயே பார்த்துவிட்டேன். பத்தாவது வரி வந்திருக்கிறது, தாள் சொல்லியிருக்கிறது, ஒரு வருஷப் பழக்கத்தில் இருவரும் பேசாமல் எழுந்து, மேஜையைச் சுற்றி, இடம் மாறி உட்கார்ந்து ஆடி முடித்திருக்கிறார்கள். ஜெயித்த வெள்ளையை நகர்த்தியது பிரவீன். தோற்ற கறுப்பு மல்லிகா. காற்புள்ளி இடம் மாறினால்கூடக் கை தூக்குகிற நான், வாழ்க்கையில் முதல் முறையாக எதையும் திருத்தாமல் நின்றேன். பிரவீனும் புரிந்துகொண்டார். பையை எடுத்து மேஜைக்கு அடியில் நீட்டி, "அக்கா, விட்டுருங்க" என்று மெல்லச் சொன்னார். மல்லிகா பையை வாங்கிக்கொண்டார். வராந்தாவில் காத்திருந்த கேரம்காரர்களை ஒரு தரம் பார்த்தார். பிறகு நடராஜனிடம் திரும்பினார்:

"சார், அத அடிச்சிருங்க. அது நான் தோத்த ஆட்டம்."

பாதி அறை

பிறகு நடந்தது ஒரு சிறிய நீதிமன்றம். விதி என்ன சொல்கிறது என்று நடராஜன் என்னைக் கேட்டார். செஸ் விதிகளை எழுதியவர்கள் எதை எதையோ யோசித்திருக்கிறார்கள். ஆட்டக்காரர்கள் இருவரும் மனமொத்து எதிரியாக மாறிவிடுவார்கள் என்று யோசிக்கவில்லை என்றேன். அந்த வரியை அச்சடித்தவன் நான்தான் என்பதையும் ஒப்புக்கொண்டேன். அடுக்குமாடித் தலைவர் பெருந்தன்மையானவர். பத்தாவது நகர்வு வரை இரண்டு தாளிலும் சரியாக இருக்கிறது, அங்கிருந்து சரியான நாற்காலிகளில் மறுபடி ஆடட்டும் என்றார்.

ஆடினார்கள். வெளியே கேரம் நின்றுவிட்டது, எல்லாரும் ஜன்னலில். மல்லிகாவின் யானை முதலில் எழுந்து இடம் கொடுத்திருந்தது, குதிரை கிளம்பியது. ஆனால் அந்தக் குதிரை எங்கே போகும் என்று சற்று முன்னால்தான் அதை ஓட்டிய பிரவீனுக்குத் தெரியும். அது வரவிருந்த கட்டத்தை ஒரு சின்னச் சிப்பாயால் மூடினார். பிரவீன் தன் நடுச் சிப்பாயைத் தள்ளக் காத்திருந்தார். எப்போது தள்ளுவார் என்று, கறுப்பாக உட்கார்ந்து தோற்ற மல்லிகாவுக்குத் தெரியும். சரியாக அதற்கு ஒரு நகர்வு முன்னால் தன் பிஷப்பை அங்கே திருப்பினார். ஒருவர் நினைப்பது மற்றவருக்குக் கேட்டது. ஒன்றரை மணி நேரம் கழித்து, பலகையில் இரண்டு ராஜாக்களும், முட்டிக்கொண்டு நகர முடியாமல் நின்ற சிப்பாய்களும்தான் மிச்சம். கை குலுக்கினார்கள். சமம்.

மல்லிகாவுக்குச் சந்தேகம். "தம்பி, அறைக்காகன்னு விட்டுக் குடுத்தியா? உண்மையச் சொல்லு." பிரவீன் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "நானுங்களா? உங்க குதிரையப் பாத்துப் பாத்துக் கழுத்தே வலிக்குதுங்க அக்கா." மல்லிகா முகத்தில் அப்போது வந்த சிரிப்பு, முதலில் ஜெயித்ததாக அறிவித்தபோது வந்ததைவிடப் பெரியது.

சமத்துக்கு ஆளுக்கு அரைப் புள்ளி; ஆக, ஒன்றரைக்கு ஒன்றரை. எல்லாரும் நடராஜனைப் பார்த்தோம். தோற்றால் அறை போகும் என்றார், ஜெயித்தால் இருக்கும் என்றார். சமமானால் என்ன என்று சொல்லவில்லை. அவர் அறையின் நீள அகலத்தை ஒரு தரம் நடந்து பார்த்தார். அடுத்த ஞாயிறு வந்தபோது, அறையின் நடுவில் சுண்ணாம்புக் கோடு. ஒரு பக்கம் செஸ், மறுபக்கம் கேரம், மேலே பொதுவாக ஒரு மின்விசிறி. சத்தம் இருக்கிறதே என்று மல்லிகாவிடம் வருத்தப்பட்டேன். "இருக்கட்டும் சார், ஒருத்தரும் சாப்பாடு கேக்கலியே" என்று சொல்லிவிட்டுத் தன் யானையை நகர்த்தினார்.

கோட்டுக்கு அந்தப் பக்கம் நடராஜன் எங்கள் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். பத்தாவது நகர்வில் மல்லிகாவும் பிரவீனும் எழுந்து இடம் மாறினார்கள். அவர் தன் எதிரே இருந்தவரின் தோளைத் தட்டினார்:

"யோவ், எழுந்திரு, உன் பக்கத்துலேர்ந்து சிவப்புக் காய் எப்படித் தெரியுதுன்னு நானும் ஒரு தடவ பாக்குறேன்."

எதிராளியின் நாற்காலியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டவர்களால் அவரை முழுசாகத் தோற்கடிக்க முடிவதில்லை என்பதுதான் இத்தனை வருஷத்தில் இந்த மெதுவான ஆட்டம் எனக்குச் சொல்லிக்கொடுத்த பாடம், அதை இப்போது என் மேஜைக்கு அடியில் குனிந்து கேரம்காரர்களின் ஸ்ட்ரைக்கரைத் தேடிக்கொண்டே சொல்கிறேன்.